பரவால்லக்கா

நகரத்துக்குத் தண்ணீர் தள்ளும் நீரேற்று நிலையத்தில் பம்பு ஆபரேட்டராக இருந்தவர் பரவால்லக்கா. அந்தப் பட்டப்பெயரை வைத்தது யார் என்று கேட்டால் ஆளுக்கொருவரைக் கைகாட்டுவார்கள். காரணம் மட்டும் எல்லோருக்கும் தெரியும். எதைக் கேட்டாலும் அக்காவின் வாயிலிருந்து முதலில் வருவது "பரவால்ல". டீ ஆறிப்போச்சே என்றால் பரவால்ல. உங்க நாற்காலியில உக்காந்துட்டேனே என்றால் பரவால்ல. லீவு இல்லையாமே என்றாலும் பரவால்ல. கணவர் போட்ட டீ எப்படி இருக்கிறது என்றால் அதற்கும் பரவால்லதான். அந்த மனிதர் அதைப் பாராட்டு என்று நம்பி, பணி ஓய்வு பெற்ற நாளிலிருந்து அதே டீயைப் போட்டுக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்ட வாயில்லாப் பூச்சி அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட்டது என்றபோது நிலையத்தில் பாதிப் பேர் நம்பவில்லை. மீதிப் பேர், சாது மிரண்டால் காடு கொள்ளாது என்று சொல்லிவிட்டுத் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

நிலையம் என்றால் ஒரு நீளமான கூடம், அவ்வளவுதான். தரையில் வரிசையாகப் பம்புகளும் மோட்டார்களும். ஒரு மூலையில் ஆள் உயரத்துக்கு மின்சாரப் பலகை. ஏழெட்டுப் படி ஏறினால் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை. ஷிஃப்ட் சூப்பர்வைசர் உட்காரும் இடம். மோட்டார்கள் ஓடும்போது கூடத்தில் நீளமாகப் பேசினால் பாதிப் பேச்சு தண்ணீரோடு போய்விடும். அதனால் அங்கே எல்லோரும் சின்னச் சின்ன வார்த்தைகளாகக் கத்தித்தான் பேசுவார்கள்.

அந்தக் கூடத்துக்கு ஆபரேட்டராக வந்த ஒரே பெண் அக்காதான். வந்த புதிதில் "பொம்பளைக்கு இந்தச் சத்தம் தாங்குமா" என்றார்கள். சத்தம் காதுக்குத்தானே, அதில் ஆண் காது பெண் காது என்று என்ன இருக்கிறது? அக்கா பஞ்சை அடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தார். மோட்டாரின் மேல் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பார். பம்பின் தண்டு வெளியே வரும் இடத்தில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுகிறதா என்று குனிந்து பார்ப்பார். அது விழ வேண்டும். புதிதாக வருகிறவர்கள் ஒழுகுகிறதே என்று ஸ்பேனரை எடுத்து இறுக்கிவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் தண்டு சூடேறிப் புகை வரும். ஒட்டடைக்குச்சி என்று எல்லோரும் கூப்பிட்ட அந்த ஒல்லிப் பையனும் வந்த வாரமே இறுக்கினான். புகையைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்துவிட்டது. அக்கா வந்து மோட்டாரை நிறுத்தி, "பரவால்லடா, எல்லாரும் ஒரு தடவை இறுக்கினவங்கதான்" என்றார். பிறகு அவனுக்கு எல்லா வேலையும் சொல்லிக்கொடுத்தது அக்காதான்.

அக்காவுக்கு ஓர் ஆசை இருந்தது. அந்தக் கண்ணாடி அறை. அடுத்தடுத்து வந்த சூப்பர்வைசர்கள் படியிறங்கி வந்து, "என்னம்மா, எதை ஓட்டலாம்?" என்று கேட்பார்கள். அக்கா சொல்வார். அவர்கள் மறுபடி மேலே ஏறி, அக்கா சொன்னதையே உத்தரவாகக் கீழே கத்துவார்கள். இதே நாடகத்தை எத்தனை வருஷம்தான் பார்ப்பது? நாமே அந்த நாற்காலியில் உட்கார்ந்து நாமே சொன்னால் என்ன என்று அக்காவுக்குத் தோன்றியது. துறைத் தேர்வு எழுதித் தேறினார். பணிமூப்பு வரிசையிலும் அவர்தான் முதல் ஆள். பதவி காலியாகவும் ஆனது.

அப்போதுதான் ஒரு நாள் மதியம் பொறியாளர் கூடத்துக்கு வந்தார். நல்ல மனிதர். இதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். வெயிலோ மழையோ கையில் ஒரு குடை இருக்கும். அக்காவின் மாமியார் பக்கவாதத்தில் விழுந்தபோது தன் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனவர் அவர்தான். மூன்று மோட்டார்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் அக்காவின் காதருகே குனிந்து கத்தினார்.

"சூப்பர்வைசர் போஸ்ட்டும்மா! ராத்திரி டூட்டியெல்லாம் வரும்! வீட்டுல முடியாதவங்க வேற இருக்காங்க! உங்களுக்குக் கஷ்டமா இருக்குமே!"

"பரவால்ல சார்!" என்று அக்காவும் கத்தினார்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கு அக்காவுக்குத் தரையில் கால் பாவவில்லை. வீட்டுக்குப் போனதும் கணவரிடம், "எனக்குத்தான் வருது. சாரே வந்து சொல்லிட்டாரு" என்றார். கணவர் தன் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். பெற்ற தாயைப் பார்த்துக்கொள்வது என் வேலை என்று ஓய்வு பெற்ற அன்றே ஏற்றுக்கொண்ட ஆள் அவர். ராத்திரியில் எழுந்து புரட்டிப் படுக்க வைப்பதும் அவர்தான். ஆனால் அதைப் பொறியாளர் கேட்கவுமில்லை, அக்கா சொல்லவுமில்லை.

சில வாரம் கழித்து உத்தரவு வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அக்காவின் முன்னால் நின்றவன் ஒட்டடைக்குச்சி.

"அக்கா, நான் கேக்கலக்கா. கூப்பிட்டு கையில குடுத்தாங்க."

"அதுக்கென்னடா, நல்லா இரு" என்றார் அக்கா. இன்னோர் இடம் காலியாக இருக்கும், தனக்கு அடுத்த உத்தரவில் வரும் என்று அப்போதும் நம்பினார். வராமல் போகவே, தலைமை அலுவலகத்துக்குப் போய்ப் பிரிவு எழுத்தரைக் கேட்டார். அவர் கண்ணாடிக்கு மேலாக அக்காவைப் பார்த்தார்.

"என்னம்மா புதுசா கேக்கறீங்க? நீங்கதானே வேண்டாம்னு சொன்னீங்க."

"நானா? யாருகிட்ட?"

"இன்ஜினியர் சாருகிட்ட. 'விருப்பமில்லை எனத் தெரிவித்தார்'னு குறிப்பு எழுதியிருக்காரு. பாக்கறீங்களா?"

அக்காவுக்கு அந்த மதியம் நினைவுக்கு வந்தது. கஷ்டமா இருக்குமே என்று கேட்டார். பரவாயில்லை, செய்கிறேன் என்று சொன்னோம். பரவாயில்லை, விட்டுவிடுங்கள் என்று அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். ஒரே சொல், கேட்ட காதில் கவிழ்ந்துவிட்டது. பதவி போனதுகூட அப்புறம்தான் உறைத்தது. வேண்டும் வேண்டும் என்று மனசுக்குள் ஜபித்த ஒன்றை வேண்டாம் என்று சொன்னதாக அரசாங்கக் காகிதத்தில் எழுதியிருக்கிறது; அதுதான் அவரைச் சுட்டது. பொறியாளரிடம் போய்ச் சொல்லிப் பார்த்தார். "அடடா, உத்தரவு போயிடுச்சேம்மா. உங்க நல்லதுக்குத்தான் செஞ்சேன்" என்றார் அவர். மேலே மனுக் கொடுத்தார். மனு எந்த மேசையில் தூங்கியதோ, பதிலே இல்லை.

வழக்குப் போடப்போகிறேன் என்றதும் கணவர் பதறினார்.

"கவர்ன்மென்ட்டு மேலயா? வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கணுமா? ரிடையர் ஆகறதுக்கு இன்னும் கொஞ்ச வருஷம்தானே இருக்கு."

"அதனாலதான் சொல்றேன். வேண்டாம்னு சொன்னவளா நான் ரிடையர் ஆக மாட்டேன்."

முப்பது வருஷத்துக்கு மேல் நீண்ட அந்தத் தாம்பத்தியத்தில் அக்கா "மாட்டேன்" என்று சொல்லி அவர் கேட்டதில்லை. மறு பேச்சுப் பேசாமல் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே கிளம்பினார்.

வக்கீலம்மா நடுவயதுக்காரர். மூக்குக்கு மேல் கோபம் வரும், வந்த வேகத்தில் போய்விடும். அக்கா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு விளக்கினார்.

"இதுல மொதல்ல நாமதான் காட்டணும். உங்களுக்குத் தகுதி இருக்கு, நீங்க வரிசையில முன்னாடி இருக்கீங்க, உங்களை விட்டுட்டு பின்னாடி இருந்த ஒரு ஆம்பளைக்குக் குடுத்தாங்க. இது சுலபம். அப்புறம் அவங்க ஒரு காரணம் சொல்வாங்க. அந்தக் காரணம் நிக்காதுன்னு காட்டணும் பாருங்க, அதுதான் கல்லுல நார் உரிக்கிற வேலை. பொம்பளைன்னுதான் குடுக்கலன்னு எவன் எழுதி வைப்பான்?"

"அவரு கெட்டவர் இல்லைங்க."

"கெட்டவரா இருந்திருந்தா எனக்குப் பாதி வேலை மிச்சம்" என்றார் வக்கீலம்மா.

ஒட்டடைக்குச்சியைச் சாட்சிக்குக் கூப்பிடலாமா என்று வக்கீலம்மா கேட்டார். அக்கா போய்க் கேட்டபோது அவன் கண்ணாடி அறையில் மேசை மேல் சாய்ந்திருந்தான். ராத்திரி ஷிஃப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை. கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன, சட்டைத் தோளில் பால் காய்ந்த கறை.

"அக்கா, நான் சாட்சி சொன்னா என்னைத் தூக்கி எங்கயாவது போட்டுடுவாங்க. சின்னக் கொழந்தை வேற இருக்குக்கா."

"பரவால்லடா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார் அக்கா. உள்ளே கொஞ்சம் வலித்தது. அந்தச் சொல்லை அவன் எப்படி எடுத்துக்கொண்டானோ, தெரியாது.

தீர்ப்பாயம் ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தின் மாடியில் இருந்தது. தள்ளிவைத்துத் தள்ளிவைத்து ஒரு வழியாக விசாரணை வந்தது. நிலையத்தை நடத்தும் குடிநீர் வாரியத்தின் சார்பில் வந்த அரசு வக்கீல் தேன் தடவிப் பேசுகிற ஆள். அக்கா கூண்டில் ஏறியதும் வணக்கம் வைத்து, உடம்பு சௌக்கியமா என்று விசாரித்துவிட்டுத்தான் ஆரம்பித்தார். வக்கீலம்மாவின் வாதம் முழுக்க ஒரே சொல்லின் மேல் நின்றது. கஷ்டமா இருக்குமே என்ற கேள்விக்குப் பரவாயில்லை என்றால், கஷ்டம் ஒரு பொருட்டில்லை, செய்கிறேன் என்றுதான் பொருள். தமிழ் தெரிந்த குழந்தையும் அப்படித்தான் புரிந்துகொள்ளும். அரசு வக்கீலோ, பரவாயில்லை என்றால் எனக்கு வேண்டாம், சிரமப்படாதீர்கள் என்று பொருள் என்றார். நல்லா இருக்கா என்றால் சுமார் என்பதற்கும் அதுதான், மன்னிச்சுக்கோங்க என்றால் மன்னித்தேன் என்பதற்கும் அதுதான், எதிர்பாராமல் ஒருத்தன் நன்றாகச் செய்துவிட்டால் பரவாயில்லையே என்று மெச்சுவதற்கும் அதேதான். நீதிபதி இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். அரைத்த மாவையே அரைத்ததில் வெகுநேரம் போனது.

அக்கா நன்றாகத்தான் பதில் சொன்னார். எனக்கு அந்தப் பதவி வேண்டும் என்று சொன்னேன், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதிலிருந்து இம்மி நகரவில்லை. அரசு வக்கீல் களைத்துப்போனவர் மாதிரி காகிதங்களைச் சேர்த்து வைத்தார். போகிற போக்கில் அன்பாகச் சொன்னார்.

"ரொம்ப நேரமா நிக்கறீங்களேம்மா. ஒரு நாற்காலி போடச் சொல்லட்டுமா?"

"பரவால்லைங்க" என்றார் அக்கா.

வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்படின்னா நாற்காலி வேணுமா வேண்டாமாம்மா?"

அக்காவுக்கு அப்போதுதான் விழுந்திருக்கும் குழி தெரிந்தது. "வேண்டாங்க" என்றார் மெதுவாக.

"அவ்வளவுதான், கனம் நீதிபதி அவர்களே" என்று சொல்லி உட்கார்ந்தார் அரசு வக்கீல். தட்டச்சு செய்கிறவர் குனிந்து சிரித்தார். வாசலில் நின்ற சேவகர் சிரித்தார். நீதிபதியே கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைக்கிற மாதிரி பாவனை செய்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அக்கா கெட்டது ஒரே வார்த்தையில்.

திரும்பும் பஸ்ஸில் பாதி வழியில் அக்கா திடீரென்று கணவரைப் பார்த்துச் சொன்னார்.

"எனக்கு அந்த நாற்காலி வேணும்."

"எந்த நாற்காலி?"

"அங்க கூண்டுல. கால் கடுத்துது. உக்காரணும்னுதான் இருந்துச்சு. வேண்டாம்னு சொல்லிட்டேன்."

சொல்லும்போதே கண்ணில் நீர் கட்டிவிட்டது. நாற்காலி கிடக்கட்டும். வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வேண்டாம் என்று சொல்கிற வாய் நம்முடையது என்றால், அந்த மதியம் மட்டும் வேறு மாதிரி சொல்லியிருப்போம் என்று என்ன நிச்சயம்? ஒருவேளை பொறியாளர் சரியாகத்தான் கேட்டாரோ? இவ்வளவு நாள் உறுதியாக இருந்த ஒன்று பஸ் குலுக்கலில் ஆட்டம் கண்டது. கணவருக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. ஜன்னலைச் சாத்திவிட்டு அக்காவின் கையிலிருந்த பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் வாரவிடுமுறை. கணவர் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அக்கா கதவில் சாய்ந்தபடி, வழக்கை வாபஸ் வாங்கிவிடலாமா என்று கேட்டார். அவர் ஓய்வு பெறும்வரை நகரப் பேருந்தில் டிரைவராக இருந்தவர். பாதிக் காலம் இரவு சர்வீஸ்.

"எனக்கு ஒண்ணுதான் புரியல" என்றார். "நான் எத்தனை வருஷம் ராத்திரி வண்டி ஓட்டினேன். நம்ம பொண்ணு பொறந்தப்ப ஓட்டினேன், எங்கப்பா சாகக் கிடந்தப்ப ஓட்டினேன். ஒருத்தனாவது வந்து, 'வீட்டுல முடியாதவங்க இருக்காங்களே, உனக்குக் கஷ்டமா இருக்குமே'ன்னு கேட்டிருக்கானா? கேட்டிருந்தா நானும் எதையாவது உளறித்தான் வச்சிருப்பேன். என்னைக் கேக்கவே இல்ல, நான் தப்பிச்சேன்."

சொல்லிவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தார். அக்கா கதவிலிருந்து நிமிர்ந்தார்.

"திருப்பிச் சொல்லுங்க."

"எதை?"

"கேக்கவே இல்லன்னு சொன்னீங்களே, அதை."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். விடுமுறை என்றுகூடப் பார்க்காமல் வக்கீலம்மாவுக்குப் போன் போட்டார்கள். கணவர் முழுவதையும் மறுபடி ஒப்பித்தார், வெங்காயக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டே. மறுமுனையில் வக்கீலம்மா தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

"நான் ஒரு முட்டாள். இவ்வளவு நாளா பதிலைப் பிடிச்சுத் தொங்கிட்டு இருந்தேன். கேள்வியை விட்டுட்டேனே."

அடுத்த விசாரணையில் பொறியாளர் கூண்டில் ஏறினார். குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கைப்பிடியில் மாட்டினார். அக்காவைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். அக்காவும் பதிலுக்கு அசைத்தார். பழகிய மனிதர்கள், வேறென்ன செய்வார்கள்?

வக்கீலம்மா அன்றைக்குக் கோபமே படவில்லை.

"இவங்க எப்படி வேலை செய்வாங்க சார்?"

"ரொம்ப நல்லா. இவங்களை மாதிரி ஒரு ஆபரேட்டர் கிடைக்கிறது கஷ்டம்."

"வரிசையில முதல்ல இருந்தது யாரு?"

"இவங்கதான்."

"அப்ப ஏன் குடுக்கல?"

"ராத்திரி டூட்டி கஷ்டமா இருக்குமேன்னு கேட்டேன். பரவால்லன்னு சொல்லிட்டாங்க. சங்கடப்பட்டுக்கிட்டு சொல்றாங்கன்னு நினைச்சேன். அவங்க வீட்டு நிலைமை எனக்குத் தெரியும்மா. பாவம்னு நினைச்சுத்தான்..."

"இதே கேள்வியை, இப்ப அந்தப் பதவியில இருக்கிறவர்கிட்டயும் கேட்டீங்களா?"

"அவர்கிட்டயா? இல்ல."

"உங்க சர்வீஸ்ல வேற யாருக்காவது சூப்பர்வைசர் பதவி குடுக்கறதுக்கு முன்னாடி, வீட்டுல கஷ்டமா இருக்குமான்னு கேட்டிருக்கீங்களா?"

அரசு வக்கீல் பாதி எழுந்தார். ஆனால் பொறியாளர் ஒளிவு மறைவு இல்லாத மனிதர். கேள்வியே அவருக்கு விசித்திரமாக இருந்தது. புரியாமல் வக்கீலம்மாவைப் பார்த்து, உள்ளதை உள்ளபடி சொன்னார்.

"ஆம்பளைங்ககிட்ட அதை எதுக்கும்மா கேக்கணும்?"

தட்டச்சுச் சத்தம் நின்றது. நீதிபதி, "சாட்சி சொன்னதை அப்படியே பதிவு செய்யுங்கள்" என்றார். சத்தம் மறுபடி ஆரம்பித்தது. அரசு வக்கீல் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

"அவர் வீட்டுல அப்ப கைக்கொழந்தை இருந்தது உங்களுக்குத் தெரியுமா சார்?"

"தெரியாது."

"விசாரிச்சீங்களா?"

"இல்லம்மா."

"வேறு கேள்வி இல்லை" என்றார் வக்கீலம்மா.

தீர்ப்பு அக்காவின் பக்கம் வந்தது. பதவி தர வேண்டும், ஒட்டடைக்குச்சிக்குக் கொடுத்த தேதிக்கு முந்தைய நாளிலிருந்து பணிமூப்பும் தர வேண்டும். வக்கீலம்மா வாசித்துக் காட்டிக்கொண்டே வந்தார். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று தீர்ப்பாயம் முடிவு செய்ய வேண்டியதில்லை என்று நீதிபதி எழுதியிருந்தார். ஆண்களிடம் கேட்காத ஒரு கேள்வியைப் பெண் என்பதால் ஒருவரிடம் மட்டும் கேட்டு, அதற்கு வந்த பதிலைக் கொண்டு பதவியை மறுத்ததே பாகுபாடுதான். நல்லெண்ணத்தில் கேட்டதாகச் சொல்வதால் அது மாறிவிடாது.

"அப்ப நான் வேண்டாம்னு சொல்லலன்னு எழுதலையா?" என்று கேட்டார் அக்கா.

"அது தேவையில்லன்னுட்டாரு அக்கா. ஜெயிச்சாச்சு."

வக்கீலம்மாவின் கையைப் பிடித்து நன்றி சொன்னார். ஆனாலும் ஒரு குறை. பதவி வந்துவிட்டது, எந்த வார்த்தைக்காகக் கிளம்பினாரோ அது வரவில்லை. கணவரிடம் சொன்னபோது, "சோறு வந்தப்புறம் எலையில ஓட்டை பாக்காதே" என்று அடக்கினார்.

உத்தரவை வாங்கப் போன அன்று பொறியாளர் தன் அறையில் உட்காரச் சொன்னார். அக்கா உட்கார்ந்தார். கொடுக்க வேண்டிய காகிதத்தைக் கொடுத்த பிறகும் அவர் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். மனிதர் நொந்துபோயிருந்தார். அது பொய்யில்லை.

"இவ்வளவு தூரம் போவீங்கன்னு நினைக்கலம்மா. அன்னைக்கே வேணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் குடுத்திருக்க மாட்டேனா?"

அக்கா யோசித்துத்தான் பதில் சொன்னார். அந்த அறையில் மோட்டார் சத்தம் இல்லை. எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும் பேசலாம்.

"வேணுமான்னு நீங்க கேக்கலியே சார். கஷ்டமா இருக்குமான்னுதானே கேட்டீங்க. வேணுமான்னு கேட்டிருந்தா வேணும்னு சொல்லியிருப்பேன்."

அவர் பேனாவை மேசையில் வைத்தார். "ஆமாம்மா" என்றார். "நான் அதைக் கேக்கலதான். நீங்க வேண்டாம்னு சொல்லல." அப்புறம் குரல் தாழ்ந்து, "மனசுல வச்சுக்காதீங்க" என்றார்.

அக்காவின் உதடுகள் பழக்கத்தில் ஒட்டிக்கொண்டன, அந்தச் சொல்லின் முதல் எழுத்துக்காக. ஒட்டிய உதடுகளை அப்படியே வைத்துக்கொண்டு எழுந்தார். "வரேன் சார், பம்பு மாத்தற நேரம்" என்றார்.

கண்ணாடி அறையில் இப்போது அக்கா. மூத்த சூப்பர்வைசர் என்பதால் யாருக்கு எந்த ஷிஃப்ட் என்று போடும் வேலையும் அவர் தலையில் விழுந்தது. முதல் மாதத்துக்கான ஷிஃப்ட் போடும் முன்பு ஒவ்வொருவராக மேலே கூப்பிட்டார். ஆபரேட்டர், எலக்ட்ரீஷியன், வாட்ச்மேன் ஒருவரையும் விடவில்லை. எல்லோரிடமும் அதே கேள்வி. "ராத்திரி டூட்டி வந்தா வீட்டுல கஷ்டமா இருக்குமா?" வாட்ச்மேன் சிரித்தார். எலக்ட்ரீஷியன், ராத்திரிதான் நிம்மதி என்றார். அக்காவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று கீழே பேசிக்கொண்டார்கள். கடைசியாக வந்தவன், இன்னொரு சூப்பர்வைசராகத் தொடர்ந்த ஒட்டடைக்குச்சி. சாட்சிக்கு வராத நாளிலிருந்து அவன் அக்காவின் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை. நாற்காலியைக் காட்டியும் உட்காராமல் நின்றான்.

"ராத்திரி டூட்டி போட்டா வீட்டுல கஷ்டமா இருக்குமாடா?"

"பரவால்லக்கா" என்றான்.

கூப்பிட்டானா, பதில் சொன்னானா என்று ஒரு நொடி அக்காவுக்கே தெரியவில்லை. அப்புறம் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். அதே சிவந்த கண்கள். தோளில் அதே மாதிரி ஒரு கறை.

"பரவால்லன்னா என்னடா அர்த்தம்? வேணுமா, வேண்டாமா? வாயைத் தொறந்து சொல்லு."

அவன் கண்ணாடிக்கு வெளியே பம்புகளைப் பார்த்தான். தொண்டையைச் செருமினான்.

"கஷ்டம்தான்க்கா. அவ பகல்ல வேலைக்குப் போயிடறா. ராத்திரி இங்க முழிச்சுட்டு, பகல் முழுக்க நான்தான் கொழந்தையை வச்சுக்கறேன். தூங்கி எத்தனை நாளாச்சுன்னே தெரியல." தோளிலிருந்த கறையைத் தேய்த்தான். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லக்கா."

"உக்காரு" என்றார் அக்கா.

அவன் உட்கார்ந்தான். அக்கா அவன் பெயரை இரவு ஷிஃப்டிலிருந்து அடித்துவிட்டு, அந்த இடத்தில் தன் பெயரை எழுதினார்.